மெயினை அணைச்சாச்சா?

எங்க வீட்டுக்காரர் வீட்டையே சக்கரத்து மேல வெச்ச மாதிரியான அந்தப் பழைய மோட்டார்ஹோமை அமெரிக்காவுல எங்க ஃப்ரீமான்ட் வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்தினப்ப, வந்த கோபத்துல அப்படியே ரிவர்ஸ்ல திருப்பி அனுப்பியிருப்பேன். அதுக்கு வயசு எங்க கல்யாணத்தை விட அதிகம். கதவைத் திறந்தா அழுக்குக் கார்ப்பெட் வாசனை. யானையைக் கட்டித் தீனி போடற கதைதான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவர் அதை வாங்கினது எங்கப்பாவுக்காகன்னு தெரிஞ்சதும் கப்சிப்.

அம்மா போனதுக்கப்புறம் அப்பா ஈரோட்டுல தனியாத்தான் இருந்தாரு. துணிக்கடையையும் கைமாத்திக் கொடுத்துட்டாரு. ராத்திரிக்கு பன்னும் டீயும்தான் சாப்பாடுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க போன்ல சொன்னதைக் கேட்டு அழுதுட்டேன். அதனாலதான் அடம் பிடிச்சு வரவழைச்சோம். விசாவுல ஆறு மாசம் இருக்கலாம். ஆறு மாசமும் என்கூட இருக்கணும், வேளாவேளைக்கு சுடுசோறு சாப்பிடணும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

அவரோ, கட்டிக்கொடுத்த பொண்ணு வீட்டுல கை நனைக்கறதுக்கே யோசிக்கிற ஆளு. "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குத்தான் அம்மணி"ன்னு வந்த வாரமே ஆரம்பிச்சுட்டாரு. ஃபேன் போடணும்னாக்கூட என்னைக் கூப்பிட்டுக் கேப்பாரு. மாப்பிள்ளை ஹாலுக்குள்ள வந்தா எந்திரிச்சு நிப்பாரு. இவரு "உக்காருங்க மாமா"ம்பாரு, அவரு "பரவாயில்லீங்க மாப்பிள்ளை"ம்பாரு, ரெண்டு பேரும் நின்னுக்கிட்டே இருப்பாங்க. நடுவுல நான் காபி டம்ளரோட நிப்பேன்.

வெளிச்சாப்பாடும் அப்பாவுக்கு ஆகாது. பீட்ஸாவைக் காட்டினா மருந்தைப் பாக்கற மாதிரி பாப்பாரு. அப்புறம் எங்க கூட்டிட்டுப் போறது? அதுக்குத்தான் சமையக்கட்டோட ஒரு வண்டின்னு எங்க வீட்டுக்காரர் யோசிச்சாரு. நல்ல மனசுதான். நல்ல மனசு இருந்தா மட்டும் கரண்ட் வந்துருமா?

அந்த வண்டியில எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்குத் தனியா ரெண்டு பேட்டரி. லைட்டு, தண்ணி மோட்டார் எல்லாம் அந்த ரெண்டுலதான் ஓடும். ஃப்ரிட்ஜ் வழியில கேஸ்ல ஓடும், ஆனா அதுக்கும் கொஞ்சம் பேட்டரி வேணும். அது ஒருதரம் அணைஞ்சா தானா எரியாது, நாமதான் பட்டனை அழுத்தணும். ராத்தங்கறதுக்கு வண்டியை நிறுத்தற கேம்ப் கிரவுண்டுக்குப் போயி, அங்க நட்டிருக்கற கரண்ட் கம்பத்துல நம்ம தடி ஒயரைச் சொருகினாத்தான் ஏசி ஓடும். அதுவும் அளவாத்தான். ஏசியும் மைக்ரோவேவும் மாமியார் மருமக மாதிரி, ஒரே நேரத்துல உள்ள விட்டா சண்டை நிச்சயம். சாஃப்ட்வேர் படிச்ச மனுஷனுக்கு இது மண்டையில ஏறவே இல்ல. கடைசியில நான்தான் மின்சார மந்திரி ஆனேன்.

மொத ட்ரிப்பு மலைப்பக்கம் கிளம்பினோம். வழியில ஏரியைப் பாத்தா நிறுத்துவோம், எல்லாரும் இறங்கி ஒரு மணி நேரம் நடப்போம். சாயங்காலம் ஃப்ரிட்ஜைத் திறந்தா பால் திரிஞ்சு கிடக்கு, தயிர் புளிச்சு நுரைக்குது. பேட்டரி போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் தீர்ப்பு சொல்லிட்டாரு. அடுத்த ஊர்ல ரெண்டு புது பேட்டரி வாங்கி, வேர்த்து விறுவிறுத்து மாட்டினாரு. மறுநாளும் பால் திரிஞ்சுது. மனுஷன் வண்டிக்கடியில படுத்து ஒவ்வொரு ஒயரா இழுத்துப் பாக்கறாரு, நான் மேல நின்னு வண்டியை வித்தவனைத் திட்டறேன்.

எங்க பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. தமிழ் புரியும், தாத்தாவைக் கூப்பிடற ‘அப்புச்சி’யைத் தவிர வேற எதுவும் வாயில வராது. அவ சாவகாசமா சிப்ஸைக் கடிச்சுக்கிட்டே சொன்னா: "அப்புச்சி டர்ன்ஸ் இட் ஆஃப் எவ்ரி டைம்."

கதவுப் பக்கத்துல வீட்டு பேட்டரியை மொத்தமா துண்டிக்கற சுவிட்ச் ஒண்ணு இருந்துச்சு. அப்பா அதை மெயின்னு நினைச்சுட்டாரு. வெளிய போனா மெயினை அணைக்கணும், உள்ள வந்தா போடணும். காலமெல்லாம் கடையைப் பூட்டித் திறந்த கை அது. கடைசியா இறங்கறவரும் அவருதான், மொதல்ல ஏறறவரும் அவருதான். நாங்க உள்ள வர்றப்ப எல்லாம் ஜோரா எரிஞ்சுக்கிட்டு இருக்கும், ஃப்ரிட்ஜ் மட்டும் செத்துக் கிடக்கும்.

எங்க வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. எனக்கும் சிரிப்பு அடங்கல. அப்பா சிரிக்கல. முகம் சுண்டிப்போச்சு. அன்னிக்கு சாயங்காலம் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை பொருள்ல கை வெச்சுட்டேன் அம்மணி. டிக்கெட்டை மாத்திரு, அடுத்த வாரமே கிளம்பறேன்"னாரு. வந்து ரெண்டு மாசம்கூட ஆகல.  அந்தப் பன்னும் டீயும் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. கேம்ப் கிரவுண்டு ஆபீஸ் வாசல்லயே போன் பூத் இருந்துச்சு, காலையில போன் பண்ணுன்னாரு. தலையை ஆட்டி வெச்சேன்.

மறுநாள் மத்தியானம் வெயில் மண்டையைப் பொளந்துச்சு. அப்பா கையை மடியில வெச்சுக்கிட்டு ஒரு மூலையில உக்காந்திருந்தாரு, கல்யாண வீட்டுல தெரியாத ஆளு மாதிரி. ஏசி ஓடுது, ரைஸ் குக்கர்ல சோறு வேகுது. வேற எதையும் தொடக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு, வெளிய துண்டு காயப்போடப் போனேன். மாமாவுக்கு சாம்பார் சூடா இருக்கணும்னு அவருக்கு அக்கறை. மைக்ரோவேவைப் போட்டாரு. பட்டுனு எல்லாம் அடங்கிப்போச்சு. இறங்கிப் போயி கம்பத்துல விழுந்து கிடந்த சுவிட்சைத் தூக்கி விட்டாரு. வந்து மறுபடி மைக்ரோவேவைப் போட்டாரு. மறுபடி அடங்கிப்போச்சு. நான் வாசப்படி ஏறறப்ப, மூணாவது தடவையும் சுவிட்சைத் தூக்கி விட்டு வந்து, அந்தப் பட்டனை அழுத்தி எல்லாத்தையும் அணைச்சுட்டு, விரலை எடுக்காம நிக்கறாரு.

"ஏன்டா, அறிவிருக்காடா உனக்கு? இவ காலையில இருந்து தலைபாடா அடிச்சுக்கறாளே, காதுல விழலையாடா? ஒண்ணை அணைச்சுட்டு ஒண்ணைப் போடு."

சொன்னது எங்கப்பா. பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடற எங்கப்பா, மாப்பிள்ளையை ‘டா’ போட்டுட்டாரு. எங்க சாதிசனத்துல இதுக்காகவே போக்குவரத்து நின்னுபோன குடும்பம் உண்டு. ஏசியும் நின்னுட்டதால வண்டிக்குள்ள மயான அமைதி. அப்பாவுக்கே உறைச்சு, கையெடுத்துக் கும்பிடறதுக்கு எந்திரிச்சுட்டாரு.  டிக்கெட் இனி அடுத்த வாரம்கூட இல்ல, நாளைக்கேதான்னு நினைச்சேன்.

எங்க வீட்டுக்காரர் பட்டன்ல இருந்து விரலை எடுத்துட்டு அப்பா பக்கம் திரும்பினாரு. அவங்கப்பா இவரு காலேஜ் படிக்கறப்பவே தவறிட்டாரு.

"எங்கப்பா போனதுக்கப்புறம் என்னை யாரும் இப்படித் திட்டினதில்ல மாமா," அப்படின்னாரு.  "அப்படியே கூப்பிடுங்க."

  அப்பா யாரையும் கேக்காம எட்டி ஏசி சுவிட்சை அணைச்சாரு.

"போயி கம்பத்துல தூக்கி விட்டுட்டு வா"ன்னாரு. வாங்க இல்ல, வா. இவரு ஸ்கூல் பையன் மாதிரி ஓடினாரு.

வேர்வை சொட்டச் சொட்ட சாம்பார் சோறு சாப்பிட்டோம். அப்பா ரெண்டாவது தடவை தானே போட்டுக்கிட்டாரு. கையைக் கழுவிட்டு வந்து என்கிட்ட கேட்டாரு, "அம்மணி, டிக்கெட்டுக்குப் போன் பண்ணிட்டியா?"

"இல்லீங்கப்பா."

"பண்ண வேண்டாம். இவனைத் தனியா விட்டா வண்டியைக் கொளுத்திப் போட்டுருவான்."