கலியாண நாளை மாற்றிய ஆய்வாளர்

இரண்டு கிழமையாக இந்த இடம் ஏன் காலியாகக் கிடந்தது என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். பலர் என்றால் மூன்று பேர். அதில் ஒருவர் என்னுடைய மச்சான். அவருக்குக் காரணம் தெரியும்... சும்மா கேட்டார்.

ஊரில் ஒரு கலியாணம். அக்காவின் ஒரே மகள் தர்சினிக்கு. நான் தாய்மாமன். அதற்காகத்தான் யாழ்ப்பாணம் போனேன் — கலியாணம் முடிந்த பிறகு.

விமானம் பிந்தவில்லை. பாஸ்போர்ட்டிலும் பிழை இல்லை. கலியாணம்தான் என்னை விட்டுவிட்டு முன்னுக்குப் போய்விட்டது. அதைப் பிடித்துத் தள்ளியவர் ஜேர்மனியில் இருக்கிற ஒரு அரசியல் ஆய்வாளர். அவர் யார், அவருக்கு ஏன் இந்த வேலை என்பதைத்தான் இந்தக் கிழமை சொல்லப்போகிறேன்.

புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பத்தியைத் தவிர எனக்கு ஒரு வலைப்பூவும் இருக்கிறது. பிழைப்புக்கு, டோர்ட்மண்டில் ஆஸ்பத்திரித் துணிகள் தோய்க்கிற கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை மெஷினுக்குள் விடுவேன். அது மடித்து மற்றப் பக்கத்தால் துப்பும். பத்தாம் வகுப்புச் சோதனைக்கு முதலே பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் செய்தி வாசிக்க அது போதாதா? தமிழ்ச் செய்தித் தளங்கள், யூடியூப் சனல்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, யார் எங்கே புளுகினார் என்று வலைப்பூவில் எழுதுவேன். இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் எனக்கு அதுதான் சீசன்.

இந்த முறையும் விளைச்சலுக்குக் குறைவில்லை. காலையில் ஒரு தளத்தில் ஒரு வேட்பாளர் வென்றுவிட்டார். பின்னேரம் இன்னொரு தளத்தில் அதே வேட்பாளர் கட்டுப்பணத்தை இழந்துவிட்டார். வடக்குச் சனம் யாருக்குப் போடும் என்று ஒரு சனலில் நாலு பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு அடிபட்டார்கள். ஒருவர் பாரிஸ், ஒருவர் லண்டன், ஒருவர் டொரண்டோ, ஒருவர் எங்கள் பக்கத்து நகரம். நாலு பேருக்கும் அங்கே வாக்கு இல்லை. எனக்கும் இல்லை. அதனால்தான் எங்களால் இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறது என்று நினைக்கிறேன். வாக்கு இருக்கிறவன் கடைசி நிமிசம்வரை யோசிப்பானே?

இங்கே ஜேர்மன் தேர்தலில் எனக்கு வாக்கு இருக்கிறது. தபாலில் வரும். தேத்தண்ணி ஆறமுதல் சீட்டில் புள்ளடி போட்டு உறையை ஒட்டிவிடுவேன். அதைப்பற்றி ஒருத்தரோடும் ஒரு நாளும் சண்டை பிடித்ததாக ஞாபகம் இல்லை.

நான் அதிகம் கடித்தது 'வட்டாரங்களை'. கொழும்பு வட்டாரங்கள் தெரிவிக்கின்றன... இராஜதந்திர வட்டாரங்கள் கருதுகின்றன... யார் இந்த வட்டாரம்? வீடு எங்கே? பிள்ளை குட்டி இருக்கிறதா? பின்னேரத்தில் எந்தக் கடையில் தேத்தண்ணி குடிக்கும்? இப்படி நக்கலாக எழுதி, கொஞ்ச லைக்கும் வாங்கிக்கொண்டு சந்தோசமாகத்தான் இருந்தேன்.

ஆனால் எனக்கு ஒரு வியாதி. பயம். எஸ்-பான் ரயில் கொஞ்சம் பிந்தினால் தண்டவாளத்தில் எதுவோ நடந்துவிட்டது. அரசாங்க அலுவலகத்திலிருந்து மஞ்சள் கடிதம் வந்தால் என்னைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் — ஜேர்மன் பாஸ்போர்ட் அலுமாரிக்குள் கிடந்தாலும். கடிதத்தை வசந்திதான் திறப்பா. வசந்தி என் மனைவி. பயப்படுகிற பொறுப்பை என்னிடம் முழுசாக விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறவ.

தர்சினிக்கு நாள் வைத்த பிறகுதான் தேர்தல் திகதி வந்தது. பார்த்தால், வாக்களிப்பு முடிந்த அதே கிழமை கலியாணம். உட்கார்ந்து வலைப்பூவில் எழுதினேன்: 'தேர்தல் முடிந்த கையோடு ஊரடங்கு வந்தாலும் வரும். றோட்டைப் பூட்டினாலும் பூட்டுவார்கள். அந்த நேரம் கலியாணம் வைத்திருக்கிற சனம் என்ன செய்யும்?' எழுதினால் பயம் கொஞ்சம் இறங்கும். அதற்குத்தானே வலைப்பூ.

இறங்கின பயம் எங்கே போகும் என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். வேலையிடத்தில் இடைவேளை. பாணைக் கடித்துக்கொண்டிருக்கிறேன், அக்கா வாட்ஸ்அப்பில் வந்தா.

"தம்பி, தேர்தல் முடிய ஊரடங்காம். தெரியுமோ?"

"ஆர் சொன்னது?"

"உங்கடை ஜேர்மனியிலை இருக்கிற ஒரு ஆய்வாளர். பெரிய ஆளாம். கலியாணம் வைச்சிருக்கிற ஆக்கள் கவனமாம். இன்ரநெற்றிலை கிடக்கு. மாப்பிளை வீட்டுக்காரரும் வாசிச்சிட்டினம்."

கடித்த பாணைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். ஐரோப்பாவில் எந்த ஆய்வாளர் யாழ்ப்பாணத்துக் கலியாணங்களுக்காகக் கவலைப்படுகிறார்? லிங்கை அனுப்பச் சொன்னேன். வந்தது. 'தேர்தலுக்குப் பின் ஊரடங்கு: பெயர் குறிப்பிட விரும்பாத ஜேர்மனி வாழ் அரசியல் ஆய்வாளர் எச்சரிக்கை.' கீழே முழுக்க என் வசனங்கள். 'வந்தாலும் வரும்' என்று நான் எழுதியது மட்டும் சுருங்கி 'வரும்' ஆகியிருந்தது. மேலே துவக்குப் பிடித்த ஒரு ஆமிக்காரனின் படம். எந்த நாட்டு ஆமியோ... பின்னால் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது நான்."

"எது நீ?"

"அந்த ஆய்வாளர்."

"நீயோ?" என்றா. பிறகு சிரித்தா. கலியாண வேலைக் களைப்பெல்லாம் போகிற அளவுக்குச் சிரித்தா.

"கணக்குச் சோதனைக்குப் பயந்து கோயில் மடத்துக்குள்ளை ஒளிச்சிருந்தனி. நீ ஆய்வாளரோ?"

வலைப்பூவின் லிங்கை அனுப்பினேன். வாசித்துவிட்டு மறுபடி கூப்பிட்டா.

"ஓம், பாத்தன். நீ அவரைப் பாத்து எழுதியிருக்கிறாய்."

"நான்தான் அக்கா முதல் எழுதினது. திகதியைப் பார்."

"திகதியை மாத்தேலாதோ? நெற்றிலை வாற ஒண்டையும் நம்பாதேங்கோ எண்டு நீதானே எழுதிறனி."

இத்தனை வருசம் ஊடக விமர்சனம் எழுதியதற்கு எனக்குக் கிடைத்த ஒரே நல்ல மாணவி.

பிறகுதான் விசயத்தைச் சொன்னா. மாப்பிள்ளை வீட்டார் நாளை முன்னுக்கு எடுக்கக் கேட்கிறார்கள். தேர்தலுக்கு முதல் ஒரு முகூர்த்தம் இருக்கிறது, மண்டபமும் கிடைக்கும். எனக்கு அது ஏலாது. விடுமுறை, இங்கே எல்லோரும் சொல்கிற 'உர்லாவுப்', வருசத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்தது. மாற்ற முடியுமா என்று மேலதிகாரி அம்மாவிடம் போய் நின்றேன். அவ பட்டியலைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, திரும்பவும் பட்டியலைப் பார்த்தா. அந்தக் கிழமை ஏற்கெனவே ரெண்டு பேர் லீவு. ஆஸ்பத்திரியில் நோயாளிகளை விரிப்பில்லாமல் படுக்க வைக்க முடியுமா?

ஆக, ஊரடங்கு வராது என்று மாப்பிள்ளை வீடு நம்பினால் நான் கலியாணத்தில் நிற்பேன். வரும் என்று நம்பினால் விரிப்பு மடிப்பேன். அவ்வளவுதான் கணக்கு.

அந்தச் செய்தித் தளத்தை நடத்துகிறவர் சேகர். எனக்குப் பழக்கம்தான். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. வேலை முடிந்து வந்தால் குசினி மேசை ஆசிரியர் பீடம். போன் எடுத்தேன்.

"சேகர், என்ரை எழுத்தை எடுத்துப் போட்டிருக்கிறீர்."

"ஓம் அண்ணை. நல்லாப் போகுது."

"ஒரு சொல் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க யோசிப்பியள் அண்ணை. அதுக்குள்ளை செய்தி ஆறிப்போம்."

"ஆய்வாளர் எண்டு ஏன் போட்டனீர்?"

"பிறகு? துணி மடிக்கிறவர் எச்சரிக்கை எண்டு போடவோ? நீங்களே வாசிக்க மாட்டியள்."

யோசித்துப் பார்த்தேன். வாசிக்க மாட்டேன்தான்.

"பேரையாவது போட்டிருக்கலாம்."

"பேர் போட்டா அது ஒரு ஆள் சொன்னது. பேர் போடாட்டில் எத்தினை பேரும் சொன்னதா இருக்கலாம் அண்ணை."

நான் வருசக் கணக்காகத் தேடிக்கொண்டிருந்த 'வட்டாரம்' இதுதான். என்னுடைய வீட்டிலேயே இருந்திருக்கிறது.

கலியாணக் கதையைச் சொன்னேன். சேகர் கெட்ட மனிசன் இல்லை, பதறிப்போனார். "ஐயோ அண்ணை, அதை முதலே சொல்லியிருக்கலாமே. இப்பவே ஒரு மறுப்புப் போடுறன்." சொன்னபடி போட்டார். 'ஊரடங்கு எச்சரிக்கையை மறுக்குமாறு ஆய்வாளருக்கு அழுத்தமா?' கேள்விக்குறி போட்டிருக்கிறேன், அதனால் அது மறுப்புத்தான் என்றார்.

அதன் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. அடுத்த தளத்தில் அழுத்தம் 'அச்சுறுத்தல்' ஆனது. அதற்கடுத்த தளத்தில் 'ஆய்வாளர் எங்கே?' என்றார்கள். கோட்டுப் போட்ட நாலு பேரும் திரும்ப வந்து அடிபட்டார்கள். அதில் பாரிஸ்காரர், அந்த ஆய்வாளரைத் தனக்கு நேரில் தெரியும், மிகவும் ஆழமானவர் என்றார்.

"ஆழமானவர்," என்றா வசந்தி குசினிக்குள்ளிருந்து, "கோழியை பிரிசருக்குள்ளை இருந்து எடுத்து வையுங்கோ."

சிரிக்காதீர்கள். அந்த நேரம் எனக்கு உண்மையாகவே ஒரு யோசனை வந்தது: எனக்கு யார் அழுத்தம் கொடுப்பது? எழுந்து போய் யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

வீட்டில் இருந்து ஒருவன் பயந்தால் அது பயம். அதை இன்னொருவன் எடுத்துப் போட்டால் செய்தி. அதைத் திருத்தப் போனால்... ஆதாரம். அக்காவும் அப்படித்தான் எடுத்தா.

"பாத்தியோ, அந்த மனிசனை மறுக்கச் சொல்லி வெருட்டியிருக்கினம். அப்ப உண்மைதானே?"

"அக்கா, மறுக்கச் சொன்னது நான்தான்."

"நீ ஏன் அவரை வெருட்டினனி?"

இதற்கு என்ன பதில் சொல்வது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

கடைசியாகத் தர்சினியே போனில் வந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"மாமா, அது நீங்கதான் எண்டு எனக்குத் தெரியும். கலியாணச் சனம் என்ன செய்யும் எண்டு வேறை ஆர் கேப்பினம்? தலையிலை பாலறுகு வைக்கேக்கை தாய்மாமன் நீங்கதான் தேங்காய் உடைக்க வேணும். நான் மாப்பிளை வீட்டோடை கதைச்சு நாளை மாத்தாமல் விடுவிப்பன். ஒரு சொல் மட்டும் சொல்லுங்கோ. ஊரடங்கு வராதுதானே?"

அவ்வளவுதான் கேட்டாள். 'வராது'. ஒரு சொல். கோட்டுக்காரர் என்றால் அவள் கேட்டு முடிக்கமுதல் சொல்லியிருப்பார்கள். சேகர் என்றால் தலைப்பாகவே போட்டிருப்பார்.

"வராது எண்டுதான் பிள்ளை நினைக்கிறன்," என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஆனா..." என்றேன்.

"சரி மாமா," என்றாள். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

நாள் முன்னுக்குப் போனது; கலியாணத்தை வேலையிடத்தில் இருந்து பார்த்தேன். போனை சோப்புத்தூள் பெட்டியில் சாய்த்து வைத்திருந்தேன். யாரோ ஒரு பெரியப்பா தேங்காய் உடைத்தார். சரி பாதியாக உடைந்ததா என்று பார்ப்பதற்குள் படம் உறைந்துவிட்டது. திரும்ப வரும்போது தர்சினியின் தலையில் யாரோ பாலில் தோய்த்த அறுகம்புல்லை வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கமராவைத் தேடிப் பார்த்து ஒருக்கால் சிரித்தாள். எனக்குப் பின்னால் விரிப்புகள் குவிந்துவிட்டன. திரும்பிப் போய் மடித்தேன்.

பிறகு தேர்தல் நடந்தது. சனம் அமைதியாக வரிசையில் நின்று வாக்குப் போட்டது. எந்தத் தளம் சொன்னபடியும் போடவில்லை. நான் என் டிக்கெட்டில் கிளம்பி கொழும்பில் போய் இறங்கினேன். இறங்கினால்... ஊரடங்கு.

சத்தியமாக வந்தது. ஒரு முன்னெச்சரிக்கைக்கு என்று அறிவித்து, ஒரு நாள்கூட வைத்திருக்காமல் எடுத்தும் விட்டார்கள். கலியாணம் பழைய நாளிலேயே இருந்திருந்தாலும் அதை இது தொட்டிருக்காது. தொட்டது என்னை மட்டும்தான். கூட்டிப்போக வரவேண்டிய வான்காரர், 'ஜேர்மனி ஆய்வாளர் அப்பவே சொன்னவர் ஐயா, றிஸ்க் எடுக்கேலாது' என்று போனில் சொல்லிவிட்டு வராமல் விட்டுவிட்டார். விமான நிலையக் கதிரையில் இருந்து, அந்த மனிசனை மனதார ஏசினேன்.

ஒருவழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தேன். தர்சினியும் மாப்பிள்ளையும் வாசலுக்கே வந்தார்கள். காலில் விழுந்தார்கள், நான் வாழ்த்தினேன், நல்லாயிருங்கோ என்று. அதற்குப் பிறகு ஒரு 'ஆனா' வந்தது — பல்லைக் கடித்து விழுங்கினேன். தர்சினி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள்.

அக்கா சோறு போட்டா. எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"படிச்ச மனிசன் அவ்வளவு தெளிவாச் சொன்னவர். நீயும் அவரை நம்பியிருந்தால், எப்பிடியும் லீவெடுத்துக் கலியாணத்துக்கு வந்திருப்பாய்."

எப்படி நம்புவது... எனக்குத்தான் அந்த ஆளை நல்லாகத் தெரியுமே.