மிலிட்டரிக்கு யோசிக்கும் அர்ச்சனா

குழம்பில் உப்பு போதுமா என்று ஜமுனா கேட்டால், மகள் அர்ச்சனா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிவிட்டு, "ஒரு பக்கம் பாத்தா போதும்மா. நைனாவுக்கு பிரஷர் கீறத வெச்சுப் பாத்தா ஜாஸ்தி. இன்னும் சுண்டும்னு பாத்தா..." என்று இழுப்பாள். அதற்குள் குழம்பு சுண்டியே போய்விடும்.

எல்லாம் தொழில் தோஷம். ஏரிக்கரை மீனவ ஊரான பசியாவரத்தில், வீட்டில் உட்கார்ந்தபடியே தில்லி ஆய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். டிரோன், தானே குறிபார்த்துச் சுடும் ஆயுதம் இவற்றுக்கெல்லாம் அரசாங்கம் என்ன கட்டுப்பாடு வைக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதுவாள். கடைசி வரி மட்டும் "மேலும் ஆராய வேண்டும்" என்று முடியும். மேலதிகாரிகளுக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடிக்கும். பெண் பார்க்க வருகிறவர்களிடம் ஜமுனா, "மிலிட்டரிக்கு யோசிச்சுக் குடுக்குற வேலைங்க" என்பாள். அவர்களும் காபியைக் குடித்துவிட்டு யோசிக்கப் போய்விடுவார்கள்.

ஏரியில் யார் எந்த இடத்தில் என்றைக்கு வலை போடலாம் என்று சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வது இங்கே வழக்கம். பாடு என்பார்கள். அடுத்தவன் பாட்டில் வலை இறக்கக் கூடாது. அர்ச்சனாவின் அப்பா தேவேந்திரன் இறக்கவில்லை. டிரோன் ஒன்றை வாங்கி அடுத்தவர் பாட்டுக்கு மேலே பறக்கவிட்டார். மடவை மீன் கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, தன் எல்லைக்குள் அது நுழையும் இடத்தில் வலை கட்டி, அள்ளு அள்ளென்று அள்ளினார்.

ஊர் கொதித்தது. டிரோனுக்குக் கட்டுப்பாடு எழுதுகிறவள் ஆயிற்றே என்று, பெண்கள் போகாத பாடு பிரிக்கும் கூட்டத்துக்கு அர்ச்சனாவைக் கூப்பிட்டார்கள். அவள் ஓரமாக நின்றாள். தேவேந்திரன் டிரோன் இருந்த கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்ட முகத்தோடு பாயில் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு சொல்லப்போவது மகள் அல்லவா?

"நான் இன்னா வலையா போட்டேன்? பாத்தேன். பாக்குறது ஒரு தப்பா? நீயே சொல்லு கண்ணு."

"ஒரு பக்கம் பாத்தா..."

தலைவர் ஆதிநாராயணன் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயே, நாளைக்கு என் பாடு. பக்கமெல்லாம் அப்பால பாத்துக்கலாம். வுடலாமா, கூடாதா?"

அர்ச்சனா யோசித்தாள். ஆராய வேண்டும் என்று சொன்னால் விடிந்ததும் ஏரியில் அடிதடி நிச்சயம். அப்பா முகத்தைப் பார்த்தாலோ பாவமாக இருந்தது.

"கூடாது நைனா. அடுத்தவன் பாட்டுல கண்ண வெக்கிறதும் வலைய வெக்கிறதும் ஒண்ணுதான்."

தேவேந்திரன் கொஞ்ச நேரம் கூடையையே பார்த்தார். பிறகு அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, காலியான இடத்தைத் தோள் துண்டால் தட்டிவிட்டார், மகள் வந்து உட்கார.