ராஜாங்கம் மச்சானின் மடி

சென்ற வாரம் ஒரு பிற்பகல், கப்பலூரில் நான் வேலை பார்க்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருந்தபோது சிங்கப்பூரிலிருந்து வசந்தா அக்கா அழைத்தார். என் மனைவி செல்வியின் அண்ணி அவர். எனக்கென்று தனியாக அழைக்கிறவர் இல்லை. நாத்தனாரும் அண்ணியும் பேசி முடித்த மிச்சம்தான் எப்போதும் என் காதுக்கு வரும். அதனால் திரையில் பெயரைப் பார்த்ததுமே விஷயம் பாதி தெரிந்துவிட்டது.

"தம்பி, ஒங்க மச்சான் போயிட்டாக. செல்விகிட்ட நீங்களே நேர்ல போயிச் சொல்லுங்க. போன்ல வேணாம்" என்றார். குரல் கொஞ்சமும் உடையவில்லை. எல்லோருக்கும் சொல்லி முடித்த பிறகு அழலாம் என்று வைத்திருந்தார் போல.

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் என் மகள் யாழினி பள்ளிச் சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வயது. காது இன்னும் குத்தவில்லை. அந்தக் காதைப் பார்த்த பிறகுதான் ராஜாங்கம் மச்சான் இறந்துவிட்டார் என்பது எனக்கு உறைத்தது.

அவரை நான் நேரில் பார்த்த நாட்களையெல்லாம் கூட்டினால் ஒரு கோடை விடுமுறை அளவுக்குத்தான் வரும். அவரைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் இப்போது அழுதுகொண்டிருக்கிறார்கள். நான் அவ்வளவு எளிதில் அழுகிறவன் இல்லை என்பதால் இந்த வேலை எனக்கு வந்தது.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். ஐ.டி.ஐ. முடித்து இளம் வயதிலேயே சிங்கப்பூர் போனவர், அங்கேயே நிலைத்துவிட்டார். அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. குழந்தைகள் இல்லை. அதை அவரோ அக்காவோ ஒரு குறையாகப் பேசி நான் கேட்டதில்லை.

செல்வியைப் பெண் பார்க்கப் போன அன்று அவர் விடுப்பில் வந்திருந்தார். அவருடைய பெரியப்பா என் சம்பளத்தையும் வீட்டையும் நிலத்தையும் விசாரித்து முடிக்கும்வரை ஓரமாக உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னோடு வண்டிவரை நடந்து வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாப்ள, கோவம் வந்தா என்ன செய்வீக?"

"வெளிய எறங்கி நடந்து போயிருவேன்."

"திரும்பி வந்திருவீகள்ல?"

வந்துவிடுவேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்ச் சம்மதம் சொல்லிவிட்டார். அன்று எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. திருமணமாகி இத்தனை ஆண்டுகளில் நான் நடந்து போய்த் திரும்பியதெல்லாம் அவருக்குக் கொடுத்த வாக்கினால்தானோ என்று சில சமயம் தோன்றும்.

யாழினி பிறந்த சமயத்தில் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழக்கத் தொடங்கின. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வெளிநாட்டுப் பயணம் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இங்கேதான் சிக்கல் வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது யாவரும் அறிந்த வழக்கம். எங்கள் பக்கத்தில் அது கொஞ்சம் தூக்கல். ஃப்ளெக்ஸ் பேனர், மேளம், வெடி, ஆட்டுக்கிடாய், வரிசைத் தட்டுகள் என்று ஊரே திரும்பிப் பார்க்க மாமன் வந்து இறங்க வேண்டும்.

"பெரியப்பன் மக்க இத்தன பேரு இருக்கானுகள்ல? அவனுக மடியில வச்சுக் குத்திருவோம்" என்றார் பெரியப்பா.

"எங்கண்ணன் உசுரோட இருக்கையில இன்னொருத்தர் மடி எதுக்கு?" என்றாள் செல்வி.

எனக்கு இதில் கருத்தே கிடையாது. எந்த மடியாக இருந்தாலும் துளை ஒரே இடத்தில்தான் விழும் என்பது என் எண்ணம். அதை வெளியே சொல்லாமல் இருக்கும் அளவுக்கு விவரம் இருந்தது. மாமன் வர முடியாவிட்டால் மடி இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோவோம் என்று முடிவானது. யாழினிக்கு அப்போது மூன்று வயது. கோடை விடுமுறைப் பயணம் என்று அலுவலகத்தில் விடுப்பு வாங்கினேன்.

மாமன் சீர் வாங்கப் போகிறவர்கள் நாங்கள். ஆனால் அங்கே தட்டும் வளையலும் நம்ம ஊர் போலக் கிடைக்காது என்று சொல்லி, மதுரை சிம்மக்கல்லில் மொத்தக் கடை மொத்தக் கடையாக ஏறி இறங்கி அந்தச் சீரைச் செல்வியே வாங்கினாள். மாமன் எங்களுக்குத் தர வேண்டிய வரிசையை நாங்களே பெட்டியில் அடுக்கி, விமானத்தில் ஏற்றி, அவர் வீட்டில் இறக்கி, அவர் கையால் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மதுரை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி, அத்தனை பித்தளைத் தட்டுகளையும் பார்த்துவிட்டு, "கடை வைக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

யாழினிக்கு மாமா என்றால் செல்போனுக்குள் இருக்கும் ஒரு முகம். உள்ளங்கை அளவு, சிரித்த முகம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். சிங்கப்பூரில் வந்து நின்றவரோ நெடிய உருவம். நோயில் கறுத்து மெலிந்திருந்தார். டயாலிசிஸ் ஊசி ஏறும் இடது கையில் நரம்பு கயிறு போலப் புடைத்திருந்தது. பிள்ளை அந்தக் கையைப் பார்த்து அலறிவிட்டது. மச்சான் நீட்டிய கைகளை மெல்ல மடக்கிக்கொண்டு பெட்டிகளைத் தூக்கப் போனார்.

மறுநாளிலிருந்து அவர் முழுக்கைச் சட்டைதான் போட்டார். அந்தப் புழுக்கத்தில், வீட்டுக்குள்ளேயும்.

மிருகக்காட்சிசாலை, கடற்கரை என்று எல்லா இடங்களுக்கும் அழைத்துப் போனார்கள். யாழினி வசந்தா அக்காவிடம் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டாள். மாமா பக்கத்தில் வந்தால் என் கால்களுக்குப் பின்னால் போய்விடுவாள். அவளுக்கு அந்த ஊரிலேயே பிடித்த பொருள் லிஃப்ட். மச்சான் டயாலிசிஸ் முடித்துக் களைத்து வருவார், ஒரு டம்ளர் கஞ்சி குடித்துவிட்டு, "பாப்பா, பட்டன் அமுக்க வாரியா?" என்பார். இருவரும் மேலும் கீழும் போய் வருவார்கள். பிள்ளை இந்த மூலையில், அவர் அந்த மூலையில். துணைக்கு நான் நடுவில்.

லிஃப்ட் வரத் தாமதமானால் யாழினி பட்டனை விடாமல் குத்துவாள். "எம்புட்டு அமுக்குனாலும் அது வர்ற நேரத்துக்குத்தான் வரும்டா. ஒரு தடவ அமுக்கியாச்சுல்ல, அதுக்குத் தெரியும்" என்பார். பிள்ளை இன்னும் ஒட்டவில்லை, நாங்கள் திரும்ப வேண்டிய நாள் நெருங்குகிறதே என்று நான் கேட்டபோது எனக்கும் அதையேதான் சொன்னார். "புள்ளையும் அப்புடித்தான் மாப்ள."

குறித்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைவீதியிலிருந்து நகை ஆசாரி வந்தார். மச்சானின் நண்பர்கள் குடும்பத்தோடு வந்து கூடம் நிறைந்துவிட்டது. எங்கள் சிம்மக்கல் தட்டுகள் வரிசையாக நின்றன. மச்சான் பட்டுவேட்டி கட்டி, சம்மணமிட்டு உட்கார்ந்தார். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது, கீழே உட்காரவே சிரமப்பட்டார். செல்வி பிள்ளையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். யாழினி ஊசியைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைப் பார்த்துத்தான் கத்தினாள். உதைத்தாள். கை நகத்தால் அவர் கன்னத்தைக் கீறினாள்.

"இறுக்கிப் பிடிங்கண்ணே, ஒரு நிமிசந்தான்" என்றாள் செல்வி.

மச்சான் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். "வேணாம் செல்வி. எறக்கி விடு."

"எல்லாப் புள்ளையும் அழுகத்தான செய்யும்?"

"ஊசிக்கு அழுகட்டும். எம் மடிக்கு அழுகக் கூடாது."

ஆசாரிக்கு உரியதைக் கொடுத்து அனுப்பினார். வந்தவர்களுக்கு இலை போட்டு, தானே நின்று பரிமாறினார். செல்வி அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. இவ்வளவு தூரம் வந்ததே அதற்குத்தான், அவருக்குத்தான். அடுத்த முறை என்று ஒன்று இருக்குமா என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதைச் சொல்ல முடியாமல்தான் கோபித்துக்கொண்டாள். அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

ஊர் திரும்பும் நாளில் விமானம் தாமதம். அவர்களும் எங்களோடு காத்திருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே விமானங்கள் நகர்வதைப் பார்க்க யாழினிக்கு உயரம் போதவில்லை. நாங்கள் யாரும் கவனிக்காதபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மச்சானின் முழங்காலைப் பிடித்து ஏறி, அவர் மடியில் நின்றுகொண்டு வேடிக்கை பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்து தூங்கிவிட்டாள்.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மச்சான் அசையவில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்போதெல்லாம் பிள்ளை திடுக்கிடாமல் இருக்க வலது உள்ளங்கையால் அவள் காதை மூடிக்கொண்டார். எனக்குப் படம் எடுக்கும் பழக்கம் அதிகம் இல்லை. அன்று ஒன்று எடுத்தேன்.

கிளம்பும்போது அக்கா தங்கத் தோட்டை நீட்டினார். செல்வி வாங்கவில்லை. "அண்ணன் ஊருக்கு வந்து போடட்டும்" என்றாள்.

"வந்திருவீகள்ல மச்சான்?" என்றேன். அவர் என்னிடம் முன்பு கேட்ட கேள்விதான்.

"பட்டன் அமுக்கியாச்சு மாப்ள" என்று சிரித்தார்.

அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் அவர் வரவும் இல்லை, நாங்கள் காது குத்தவும் இல்லை. பள்ளியில் ஆயாம்மாவிலிருந்து விசேஷ வீடுகளில் பந்தி பரிமாறுகிறவர்கள் வரை கேட்டார்கள். "மாமா வருவாங்க" என்று யாழினியே பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

நேற்று முன்தினம் வசந்தா அக்கா அஸ்தியோடு ஊருக்கு வந்தார். மற்றவர்கள் அழுது ஓய்ந்த பிறகு, கைப்பையிலிருந்து அந்தத் தோட்டை எடுத்துச் செல்வியிடம் கொடுத்தார்.

"வருசம் திரும்புனதும் பெரியப்பா மகன் யாரு மடியிலயாச்சும் வச்சுக் குத்திரு. நா அன்னைக்கி அந்தப் பக்கம் வரல" என்றார். நெற்றியில் பொட்டு இல்லாதவர் நல்ல காரியத்தில் நிற்கக் கூடாது என்பதை யாரும் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட்டார்.

செல்வி தோட்டை அவர் கையிலேயே திரும்ப வைத்து மூடினாள். "ஒங்க மடிதான் அண்ணி."

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "அது எப்புடித்தா? ஊர்ல என்ன சொல்வாக?"

செல்வி என்னைப் பார்த்தாள். எந்த மடியானால் என்ன என்று இருந்தவன் நான். அன்று முதல்முறையாக எனக்கு அதில் ஒரு கருத்து இருந்தது. "அக்கா மடிதான் பெரியப்பா. வேற மடி கெடையாது" என்றேன். என் குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது போலும், வெளியே விளையாடிக்கொண்டிருந்த யாழினி உள்ளே ஓடி வந்தாள். என்ன நடக்கிறது என்று கேட்காமலே நேராக அத்தையின் மடியில் போய் உட்கார்ந்தாள். குரல் உடையாமல் எனக்குச் செய்தி சொன்ன அந்த அக்கா அப்போதுதான் அழுதார். நானும்தான்.

விமான நிலையத்தில் எடுத்த படத்தை இதை எழுதும்போது பக்கத்தில் வைத்திருக்கிறேன். யாழினி வாய் லேசாகத் திறந்து தூங்குகிறாள். மச்சான் கேமராவைப் பார்க்கவில்லை. முழுக்கைச் சட்டையின் பொத்தான் மணிக்கட்டில் போட்டிருக்கிறது. வலது கை அவள் காதின் மேல் இருக்கிறது.

போயிட்டு வாங்க மச்சான். அம்புட்டு நேரம் பொத்தி வச்சிருந்தீக, கை வலிச்சிருக்கும். இனி எடுத்துக்கங்க. நாங்க பாத்துக்கிறோம்.