கொக்கி ஷூ

மகாலட்சுமிக்கு நாற்பத்திரண்டு வயது. கே.கே. நகரில் வீடு, ஸ்ரீரங்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஸ்கூட்டர் பழகும்போது விழுந்து தோள் எலும்பு முறிந்த பிறகு, கணவர் சிவசங்கர்தான் கொண்டுபோய் விடுகிறார். அவருக்கு வேலை இருந்தால் பஸ். பக்கத்து வீட்டு அனிஷாவின் சைக்கிளை விடியற்காலையில் ஓட்டிப் பழகியதை அவள் அவரிடம் சொன்னபோது, அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

வேலைக்குப் போய்வர ஒரு சைக்கிள் வாங்க, சத்திரம் பஸ் நிலையத்துப் பக்கத்துச் சைக்கிள் கடைக்கு அவள் போனபோது அவரும் வந்தார்.

"காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போயிட்டுத் திரும்பி வா. நான் ஸ்கூட்டர்ல பின்னாடியே வரேன். நடுவுல விழுந்தீன்னா இந்தப் பேச்சே வேணாம்."

"பரீட்சையா?"

"அப்படித்தான் வச்சுக்க."

கடைக்காரி லின்சி இறக்கிய முதல் சைக்கிளில் ஏறி நின்றபோது குறுக்குக் கம்பி தொடையில் இடித்தது. "இது உங்களுக்குப் பெருசு மேடம்" என்று சின்ன சட்டகத்தில் ஒன்று எடுத்தாள். கைப்பிடி கொம்புபோலக் கீழே வளைந்திருந்தது. குனிந்து பிடித்தால் முதுகு சரியாக அமைந்தது.

பெடலில்தான் பேச்சு வளர்ந்தது. அனிஷா கொக்கி ஷூ போடுகிறவள். அடியில் இருக்கும் கொக்கி பெடலில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். கழற்ற, குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும்.

"முதல்ல சாதா பெடல்ல ஓட்டுங்க மேடம்."

"இல்ல, கொக்கி பெடலையே மாட்டுங்க."

பின்னால் வரப்போகிறவர் முன் அரைகுறையாகத் தெரியக் கூடாது. கடையில் கொடுத்த கொக்கி ஷூவைப் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மாட்டிக் கழற்றிப் பார்த்தாள். தவறவில்லை.

பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்தது. டவுன் பஸ் ஒன்று உரசுவதுபோலக் கடந்தது. அவள் கைப்பிடியை விடவில்லை. ஸ்கூட்டரின் சத்தம் விலகாமல் வந்துகொண்டிருந்தது. பாலம் முடிந்தது. மாம்பழச்சாலைக்கு முன் வண்டிகள் தேங்கின. அவளும் வேகத்தைக் குறைத்தாள். இடப்பக்கம் சின்னப் பிள்ளையார் கோயில்.

கோயிலைக் கடக்கும்போது செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டு நெஞ்சில் கை வைப்பது சின்ன வயதுப் பழக்கம். பஸ்ஸிலும் செய்வாள், ஸ்கூட்டரின் பின்சீட்டிலும் செய்வாள். வலது கை நெஞ்சுக்குப் போனது. இடது கால் செருப்பை விடுவதுபோல மேலே எழும்பப் பார்த்தது. எழும்பவில்லை. மறுபடி இழுத்தாள். குதிகாலைத் திருப்ப வேண்டும் என்று நினைவு வருவதற்குள் சைக்கிளோடு இடப்பக்கம் சாய்ந்து விழுந்தாள்.

பின்னால் பஸ் பிரேக் அடித்தது. சிவசங்கர் ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கால் இன்னும் மாட்டியே இருந்தது. அவர் குனிந்து கணுக்காலைப் பிடித்துத் திருப்பினார்.

"தோள்?"

"ஒண்ணும் இல்ல."

"போதும். எழுந்திரு. சைக்கிளை ஆட்டோவுல ஏத்திரலாம்."

"கோயில் வந்துச்சு. பழக்கத்துல செருப்பை விட்டேங்க."

"பிள்ளையாரே வேணாம்னு சொல்லிட்டாரு, நீ கேக்க மாட்ட."

அவள் சிரிக்கவில்லை. இரண்டு ஷூவையும் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இதை வச்சுக்கங்க. நான் ஓட்டிட்டு வரேன்."

"விழுந்தா வேணாம்னு பேசினோம்."

"பேசினோம். திரும்பி வரணும்னும் பேசினோம். பாதிதான் ஆச்சு."

அவர் பதில் சொல்வதற்குள் சைக்கிளைத் திருப்பிவிட்டாள்.

வெறும் காலுறையில் அந்தச் சின்ன இரும்புப் பெடல் வழுக்கியது. பாதத்தின் நடுவில் குத்தியது. பாலத்தின் நடுவில் ஒருமுறை கால் தவற, பெடல் கெண்டைச் சதையைக் கீறியது. கைப்பிடி ஆடியது. பின்னால் ஹாரன் அடித்தது. அது சிவசங்கருடையது என்று தெரிந்தது. அடுத்த பஸ்ஸுக்கும் அவளுக்கும் இடையில் அவர் ஸ்கூட்டரை நுழைத்து வழி மறித்துக்கொண்டு வந்தார். பஸ்காரன் திட்டியது கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கடை வாசலில் இறங்கியபோது காலுறையில் ரத்தம் கசிந்திருந்தது.

"சாதா பெடல் போடுங்க" என்றாள் லின்சியிடம்.

லின்சி சிவசங்கரைப் பார்த்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல், ஷூக்களைக் கையில் பிடித்தபடி நின்றார். முகம் கடுகடுவென்றிருந்தது. ஷூக்களை மேஜைமேல் வைத்தார்.

"சைக்கிளுக்குப் பின்னாடி எரியிற லைட்ல எது ரொம்பத் தூரத்துக்குத் தெரியும்?"

லின்சி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"இங்க வேணாம். ரோட்டுல வச்சுக் காட்டுங்க" என்று வெளியே நடந்தார்.