மூன்று கதவுகளும் முதல் வெள்ளமும்

யாருக்கும் தேவைப்படாத ஒரு வேலையைக் குறையில்லாமல் செய்துகொண்டிருப்பது நேர்மையா, வெறும் பழக்கமா? ஆற்றுக் கதவுக்காரரை அறிந்தவர்கள் ஒருமுறையாவது தங்களுக்குள் இதைக் கேட்டிருப்பார்கள்.

ஊருக்குள் அவர் பெயர் பூட்டு. ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை, அதில் மூன்று இரும்புக் கதவுகள், கரையில் இரண்டு அறை கொண்ட அரசு வீடு. இருபத்தொன்பது வருடம் அதுதான் அவர் உலகம். காலையில் பற்சக்கரங்களுக்குக் கிரீஸ் தடவுவார். பதிவேட்டில் எழுதுவார்: தேதி, நீர்மட்டம், கதவின் நிலை, காரணம். கோடையில் ஒரு சாண் தூக்கி வைத்திருக்கும் கதவுகளை முதல் வெள்ளம் வந்ததும் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. நூல் ஆலைக்குப் போகும் வாய்க்கால் நிரம்புவதற்காக எழுதிய விதி. ஆலை மூடிப் பன்னிரண்டு வருடமாகிறது. வாய்க்காலில் செடி முளைத்து மரமாகி நிழலும் தருகிறது. விதியை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை, அவரும் கேட்கவில்லை. காரணம் என்ற கட்டத்தில் வருடந்தோறும் 'ஆலை வாய்க்கால்' என்றே எழுதிவந்தார்.

இதைச் சொல்லிச் சிரிப்பவர் தங்கையின் கணவர். அணைக்கு மேலே சில மைல் தள்ளி வலை போட்டுப் பிழைத்தவர். மீன் அற்றுப்போனதும் லாரி ஓட்டப் போனவர்.

"செத்தவனுக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கு மச்சான் உங்க வேலை!"

"உங்க லாரிக்கு பிரேக் பிடிக்குதா மாப்ளே? முதல்ல அதைப் பாருங்க."

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், கதவுகளை இறக்கிய மறுநாள், ஆறுகளை ஆய்வு செய்யும் பெண் ஒருவர் வந்தார். அணையின் கீழே உள்ளங்கை நீள மீன்கள் சுவரில் மோதி மோதி விழுந்துகொண்டிருந்தன.

"இதெல்லாம் எத்தனை வருஷமா இப்படி முட்டுது?"

"வருஷா வருஷம் வரும்மா. நாலு நாள் முட்டும். அப்புறம் போயிடும்."

"எங்க போகும்?"

இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. பதிவேட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.

அணைக்கு மேலே எடுத்த ஒரு சிப்பியை அந்தப் பெண் அவர் கையில் வைத்தார். "மேல இருக்கிற சிப்பி எல்லாமே கிழடு. குஞ்சு ஒண்ணுகூட இல்லை. மீனோட செவுள்ல ஒட்டிக்கிட்டுத்தான் அது வளர்ந்து இடம் மாறும். முட்டை போட மீன் மேல ஏறி வரலைன்னா சிப்பியும் இல்லை. தண்ணிய வடிகட்டுறது சிப்பிதான்." பிறகு தயங்கிச் சொன்னார்: "அடுத்த முதல் வெள்ளத்துக்குக் கதவைத் திறந்து வச்சுப் பார்க்கணும். மீன் ஏறினா அணையை எடுத்துடுவாங்க. உங்க வேலையும் வீடும் போயிடும். மறைச்சுப் பேச எனக்கு வராது ஐயா. ஆபீஸ்ல இருந்து உத்தரவு வரும்."

மனைவி உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் போனதும் வெளியே வந்தாள்.

"ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம் கிடக்கு. மீனுக்கு வழி விட்டுட்டு நாம எந்த வழியில போறது?"

"உத்தரவு வரட்டும்" என்றார்.

வருடம் ஓடியது, உத்தரவு வரவில்லை. மேகம் திரண்டதும் அலுவலகத்துக்குப் போன் செய்தார். கோப்பு நகர்ந்துகொண்டிருப்பதாகக் குமாஸ்தா சொன்னார்.

"ஆறு அதுக்கு முன்னாடி நகர்ந்துடும் போலிருக்கே சார்."

மனைவிக்கு மூச்சு வந்தது. "நீங்களா தப்பு பண்ணலை. பழையபடி இறக்கிட்டு வாங்க." அவள் சொன்னதில் பிழையில்லை. உத்தரவில்லாமல் கதவைத் தொடாதவர் என்றுதானே பூட்டு என்ற பெயரே வந்தது.

விடிந்தபோது வெள்ளம் செம்மண் நிறத்தில் வந்தது. கதவுகளைச் சுற்றித் தூக்கும் கைப்பிடியை எடுத்துக்கொண்டு அணைமேல் ஏறினார். முதல் கதவை உச்சிவரை தூக்கினார். இரண்டாவது. மூன்றாவது. மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்தன. நண்பகலில் மீன்கள் கதவுகளுக்கு அடியில் கூட்டமாக ஏறிப்போயின. அவர் தூண் ஓரம் குந்தியிருந்து பார்த்தார்.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" மனைவி கரையில் நின்று கேட்டாள்.

"டீ இருக்கா?"

மறு வருடம் அணை உடைக்கப்பட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை அறைக்குக் குடிபோனார்கள். உத்தரவில்லாமல் ஏன் திறந்தார் என்று தங்கையின் கணவர் கேட்டுப் பார்த்தார், ஆய்வாளரும் கேட்டார். அவர் பிடி கொடுக்கவில்லை. பதிவேட்டில் அன்றைய வரி மட்டும் இருக்கிறது: தேதி, நீர்மட்டம், மூன்று கதவுகளும் முழுத் திறப்பு. காரணம் என்ற கட்டம் காலி.