மச்சான் பிடிக்கும் கயிறு

நிலாவுக்குப் போன மூன்று பேரும் காற்றில்லாமல் வழியிலேயே செத்துவிட்டார்களாம் என்று, டீக்கடையில் யாரோ சொன்னதை என்னோடு வேலை பார்த்தவன் வந்து சொன்னான். 1970 ஏப்ரல்; நான் கொழும்பில் ஒரு பாங்கில் இருந்தேன். அது பொய்யென்று பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு அப்பா கஸ்பாரின் நினைவுதான் வந்தது.

அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர். மூச்சு முட்டும்போது குளிப்பவரை இழுத்து மேலேற்றும் கயிற்றை வள்ளத்தில் நின்று மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவளை எவன் தாலியறுத்து அறுதலியாக்குவான்? அப்படித்தான் அம்மாவின் தம்பி லயோன் மாமா பிடித்துவந்தார்.

அதற்கு முந்தின மாதம்தான் அம்மா இறந்திருந்தாள். அடக்கம் முடிந்து கல்லறை வாசலிலேயே மாமா அப்பா மேல் பாய்ந்தார்.

"சங்கு சீசன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாம எங்க அக்காவக் கொன்னுட்டீரு. இனி ஒம்ம கயித்த நான் எதுக்குவே இழுக்கணும்?"

"இழுக்காட்டி வுடுலே. வேற எவன் கையிலயும் கயித்தக் குடுக்க மாட்டேன்."

"குடும், பிடிக்கேன். இழுப்பேன்னு மட்டும் நம்பாதேயும்."

நிலாச் செய்தி கேட்ட அன்றும் இருவரும் ஒரே வள்ளத்தில்தான் போயிருப்பார்கள். வள்ளங்கள் திரும்பும் நேரத்துக்கு ஊரில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு டிரங்க் கால் போட்டேன். கரையில் ஏதாவது நடந்தாலொழிய அண்ணாச்சி கடையை விட்டு நகரமாட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.