பதினெட்டுச் சோடிச் சப்பாத்து

செவ்வாய் மதியம் பஸ் டிப்போவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தவராசா அண்ணையின் மனைவி அழைத்தார். "தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்." மிச்ச ஷிப்டை எப்படி ஓட்டி முடித்தேன் என்று தெரியாது.

மனோர் பார்க் முருகன் கோயிலில் அவரைக் கண்டவர்கள், தன் வான் வண்டியில் எந்நேரமும் மூட்டை வைத்திருக்கும் மனிதராகவே அறிந்திருப்பீர்கள். லண்டனுக்கு வரும் வழியில், காசு வாங்கிக் கூட்டிவந்த ஏஜென்ட் கைவிட, உக்ரைனில் ஒரு சிறு நகரத்தில் மூன்று குளிர்காலம் அகப்பட்டுக் கிடந்தவர் அவர். அங்கே ஐஸ் ஹொக்கி அரங்கின் காவலாளி அவருக்குப் படுக்க இடமும், தரையில் தண்ணீர் ஊற்றி உறையவைக்கும் வேலையும் கொடுத்தார். அப்போது அங்கே ஒரே ஓர் அணி. அடிபடாமலிருக்கக் கால்களில் பழைய சஞ்சிகைகளைக் கட்டிக்கொண்டு விளையாடுவார்களாம். "எனக்கு விளையாட்டுத் தெரியாது, ஐஸ் தெரியும்" என்பார். "மெல்லிசா ஊத்தோணும். உறையட்டும். பேந்து ஊத்தோணும். அவசரப்பட்டா வெடிக்கும்."

இங்கே வந்த பிறகும் அவர் அந்த நகரத்தை விடவில்லை. லண்டன் ஐஸ் அரங்குகளில் கழித்துவிடும் சறுக்குச் சப்பாத்து, தலைக்கவசம், மட்டை எல்லாம் கேட்டு வாங்கி அனுப்பினார். அங்கே சிறுவர் அணி வந்தது, பிறகு பெண் பிள்ளைகளின் அணி. காவலாளியின் மகள் ஒக்ஸானா பயிற்சியாளரானாள். போரில் அரங்கின் கூரை விழுந்து, இருந்ததெல்லாம் இடிபாட்டுக்குள் போனது. பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூட முற்றத்தில் தண்ணீர் ஊற்றப்போவதாக அவள் எழுதினாள். அண்ணை இங்கே தன் குட்மேய்ஸ் வீட்டுக் கராஜில் பதினெட்டுச் சோடி சறுக்குச் சப்பாத்துச் சேர்த்துவிட்டார்.

போவதற்கு முந்தின வாரம் நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்தார். "சனிக்கிழமை உக்ரைனுக்கு உதவிச் சாமான் லொறி வெளிக்கிடுது. ஏத்திவிடுவியோ? இந்தக் குளிருக்குப் போகாட்டி பிள்ளையள் கலைஞ்சு போயிடுங்கள்."

"ஓம் அண்ணை, நான் ஏத்திவிடுறன்."

அந்தச் சனி எனக்கு மேலதிக ஷிப்ட் கிடைத்தது. அடுத்த லொறியில் அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன்.

செத்தவரின் உடுப்பு, செருப்பை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று, எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்கு முன் அண்ணையின் மச்சான்மார் கராஜையும் சேர்த்து ஒழித்துவிட்டார்கள். வியர்வை மணக்கும் அந்தப் பழைய சப்பாத்துகள் யாருக்கென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அழுது கிடந்த அவர் மனைவியை விட்டால், தெரிந்தவன் நான் ஒருவன். சாவீட்டு அலைச்சலில் வாயே திறக்கவில்லை. நினைவு வந்து ஓடியபோது கராஜ் கழுவிக் காய்ந்திருந்தது. குப்பைக் கிடங்கில் எல்லாவற்றையும் முந்தின நாளே நசுக்கிவிட்டார்கள். அதன் வாசலில் நின்று வாய்விட்டு அழுதேன்.

நேற்று ஒக்ஸானா வீடியோவில் அழைத்தாள். அண்ணைக்காக அழுதாள். பிறகு, லொறி எப்போது வரும் என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் முற்றத்து ஐஸ் பளபளத்தது. பிள்ளைகள் சாதாரணச் சப்பாத்துகளோடு அதன் ஓரத்தில் நின்றார்கள். "வருகிறது" என்று சொல்லிவிட்டேன்.

அடித்தகட்டைக் கூர் தீட்டக் கொடுத்து அண்ணைக்காக நான் வாங்கிவந்த ஒரு சோடி மட்டும் என் காருக்குள் கிடந்தது. எட்டு வயதுப் பிள்ளையின் அளவு. மிச்சம் பதினேழுக்கு எங்கே போவேன், அண்ணை? இனி என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒரு சோடியும், "ஓம் அண்ணை" என்று உங்களுக்குச் சொன்ன வாயும்தான்.